ரேவால் நடைக் குதிரை வாங்கப் போகிறீர்களா? நடையைப் பார்க்கும் முன் கால்களைப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் மாடு பார்த்து வாங்கத் தெரியாத விவசாயி குறைவு. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு என்று வண்டிப் பந்தய மாடுகளைத் தரம் பிரித்துச் சொல்லும் ஊர் இது. குதிரை விஷயம் அப்படி இல்லை. மலையடிவாரத் தோட்டங்களுக்குச் சவாரியாகப் போய்வரவும், திருவிழாவிலும் கண்காட்சியிலும் கொண்டுபோய் நிறுத்தவும் ஒரு நல்ல நடைக் குதிரை வேண்டும் என்று கேட்கும் விவசாயிகள் இப்போது கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையில் வாங்கும் முதல் குதிரை.

மாடு வாங்கி ஏமாந்தால் ஒரு ஈற்றோடு கைமாற்றிவிடலாம். குதிரை 25 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். கால் கெட்ட குதிரையை வாங்க ஆள் கிடைக்காது, கட்டி வைத்துத் தீனி போடத்தான் வேண்டும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

நடைக் குதிரை என்றால் என்ன?

பெரும்பாலான குதிரைகளுக்குச் சாதாரண நடை, டிராட் எனப்படும் துள்ளோட்டம், கேன்டர் எனப்படும் மெல்லோட்டம், நாலுகால் பாய்ச்சல் ஆகிய நான்கும் உண்டு. துள்ளோட்டத்தில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகத் தரையைத் தொடும். அடுத்த அடியில் மற்ற இரண்டு கால்களும் தொடும். இடையில் குதிரை ஒரு கணம் அந்தரத்தில் இருப்பதால், மேலே உட்கார்ந்திருப்பவரைத் தூக்கித் தூக்கிப் போடும். நெடுநேரம் போனால் இடுப்பு தாங்காது.

சில குதிரைகளுக்குத் துள்ளோட்டத்துக்குப் பதிலாக இன்னொரு நடை பிறவியிலேயே அமைந்திருக்கும். ஒரு பக்கத்துப் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மறுபக்கம் என்று நான்கு கால்களும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படும். எந்த நேரமும் ஒரு காலாவது தரையில் இருப்பதால் முதுகு குலுங்காது. இதைத்தான் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ரேவால் என்கிறார்கள். நம்மூர் வியாபாரிகளும் அதே சொல்லைச் சொல்கிறார்கள். குவளை நிறையத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு சிந்தாமல் ஓட்டிக் காட்டுவது இந்த நடையை வைத்துத்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், தென்னமெரிக்கப் பாசோ குதிரையின் நடை, அமெரிக்காவின் டென்னசி வாக்கிங் குதிரையின் நடை எல்லாம் இதே குடும்பம். டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம் இத்தகைய நடைகளுக்கு முக்கியக் காரணம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். விவசாயிக்கு இதில் உள்ள செய்தி எளிது. நல்ல நடைக்கு அடிப்படை பிறப்பு. பழக்கி மெருகேற்றலாம், ஆனால் இல்லாத நடையை லாடத்தாலும் கடிவாளத்தாலும் நிரந்தரமாக உண்டாக்க முடியாது.

எந்த இனம் நமக்கு ஒத்துவரும்?

மார்வாரி: ராஜஸ்தானின் மார்வார் பகுதியைச் சேர்ந்தது. உள்நோக்கி வளைந்த காது இதன் அடையாளம். உயரம் பெரும்பாலும் 14 கையிலிருந்து 15 கையைச் சுற்றி இருக்கும். ஒரு கை என்பது 4 அங்குலம். தலையை உயர்த்தி நிற்கும் தோற்றத்தால் கண்காட்சிக்கு அதிகம் விரும்பப்படுவது இதுதான். விலையும் அதற்கேற்ப ஏறும்.

கத்தியவாரி: குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைச் சேர்ந்தது. காது இன்னும் அதிகமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வரும். மார்வாரியைவிடச் சற்றுக் குட்டை. வெயிலையும் குறைந்த தீனியையும் தாங்கும்.

கச்சி-சிந்தி: கட்ச் பகுதியின் இனம். காது வளைவு குறைவு, ஆனால் ரேவால் நடைக்குப் பெயர் பெற்றது. சவாரிதான் முதல் நோக்கம் என்றால் இதையும் பார்க்கலாம்.

மட்டக்குதிரை: பெரியகுளத்துக்கு மேலே வெள்ளகவி போன்ற மலையூர்களுக்குப் பொதி சுமந்து ஏறுவது இத்தகைய குட்டைக் குதிரைகள்தான். கண்காட்சியில் பரிசு வாங்காது. ஆனால் செங்குத்தான கல்பாதையில் இதற்கு நிகர் இல்லை.

வளைந்த காது இனத்தின் அடையாளம் மட்டுமே, நடையின் அடையாளம் அல்ல. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ரேவால் இருக்கும் என்று நினைக்காதீர்கள். காதைக் காட்டி நடைக்கு விலை கேட்டால் நடையைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் தேவையை முடிவு செய்யுங்கள்

சவாரிக்கும் கண்காட்சிக்கும் ஒரே குதிரை போதுமா என்று கேட்பார்கள். போதும், ஆனால் எது முதன்மை என்று தெளிவாக இருக்க வேண்டும். கண்காட்சியில் உயரம், தலை, கழுத்து, காது, நிறம், நிற்கும் அழகு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். மலையடிவாரச் சவாரிக்கு உறுதியான குளம்பு, அளவான உயரம், நிதானமான குணம் வேண்டும். வெறும் உயரத்துக்குப் பணம் கொடுத்தால் போடி மெட்டுச் சரிவில் அதனால் பயன் இல்லை.

எடையையும் கணக்குப் பாருங்கள். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமப்பது பாதுகாப்பு. 350 கிலோ குதிரை என்றால் ஆளும் சேணமும் சேர்த்து 70 கிலோ. நீங்கள் 80 கிலோ என்றால் பெரிய குதிரை பாருங்கள், அல்லது ஏற்றத்தில் இறங்கி நடக்கத் தயாராகுங்கள்.

முதல்முறை வாங்குபவர் காயடிக்காத ஆண் குதிரையைத் தவிர்ப்பது நல்லது. பெண் குதிரையைக் கண்டால் திருவிழாக் கூட்டத்தில்கூட அடங்காது. பழகிய பெண் குதிரையோ காயடித்த ஆண் குதிரையோ வீட்டுப் பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு ஏற்றது. சினை என்று சொல்லி விற்றால் மருத்துவர் பரிசோதனை இல்லாமல் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம்.

வயதைப் பல்லில் பாருங்கள்

மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும் இருக்கும். குதிரைக்கு மேலும் கீழும் உண்டு. மாட்டுக் கணக்கை இங்கே போடக்கூடாது.

- நடுவில் உள்ள ஜோடி நிலைப்பல் முளைப்பது சுமார் 2½ வயதில்.
- அதற்கடுத்த ஜோடி 3½ வயதில்.
- ஓரத்து ஜோடி 4½ வயதில். 5 வயதில் பல் சேர்ந்துவிடும்.
- கீழ்த்தாடைப் பல்லின் மேற்பரப்பில் உள்ள குழி நடுப்பல்லில் 6 வயதிலும், அடுத்ததில் 7 வயதிலும், ஓரத்தில் 8 வயதிலும் தேய்ந்து மறையும்.
- மேல்தாடை ஓரப்பல்லின் வெளிப்பக்கத்தில் 10 வயதில் ஒரு நீளக் கோடு தோன்றும். 15 வயதில் பாதிப் பல் வரைக்கும், 20 வயதில் முழுப்பல்லுக்கும் இறங்கும்.

கண்காட்சிகளில் பால்பல், இரண்டு பல் என்று வயதுப் பிரிவு வைத்து நிறுத்துவதால் குட்டிக் குதிரைகளுக்கு நல்ல விலை இருக்கிறது. ஆனால் 3 வயது நிரம்பாத குட்டியின் முதுகில் ஆளேற்றிப் பழக்கியிருந்தால் அதன் முதுகும் முட்டியும் பிற்காலத்தில் கெடும். இரண்டு பல் குட்டி ரேவால் ஓடிக் காட்டினால் மகிழாதீர்கள். எவ்வளவு நாளாக ஆளேற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். சவாரிக்கு 6 முதல் 12 வயது வரை உள்ள பழகிய குதிரை உத்தமம்.

குளம்பிலிருந்து மேலே

நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். தூக்க விடாத குதிரைக்கு லாடம் அடிப்பது ஒவ்வொரு முறையும் போராட்டம்தான். குளம்புச் சுவரில் ஆழமான வெடிப்பு இருக்கிறதா, குறுக்கே வளையம் வளையமாக மேடு இருக்கிறதா என்று கவனியுங்கள். அடியில் முக்கோணமாக உள்ள மெத்தைப் பகுதி கறுத்து, அழுகி, நாற்றம் அடித்தால் ஈரத் தொழுவத்தில் கிடந்தது என்று பொருள். இது குணமாகும், ஆனால் பராமரிப்பு இல்லாத இடம் என்பது தெரிந்துவிடும்.

குளம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தாலும், குளம்புக்கு மேலே பின்பக்கம் இரத்தக்குழாயில் துடிப்பு பலமாகத் தெரிந்தாலும் உள்ளே அழற்சி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பின்புறம் ஓடும் நரம்பை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். இரண்டு காலுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும். வீக்கம், வலியில் இழுத்துக்கொள்ளுதல், மயிர் உதிர்ந்த தழும்பு ஆகியவை இருந்தால் காரணம் கேளுங்கள்.

தழும்பை ஏன் சொல்கிறேன் என்றால், உலகம் முழுவதும் நடைக் குதிரை வியாபாரத்தில் ஒரு கொடுமை உண்டு. காலில் எரிச்சல் மருந்து பூசி, சங்கிலி கட்டி, வலியால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் செய்வார்கள். பார்ப்பவருக்கு அழகான நடையாகத் தெரியும். அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் குதிரைகளுக்கு இது நடந்ததால் 1970-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி விலங்கை வதைப்பது குற்றம். கனமான லாடமோ, காலில் கட்டிய எடையோ இருந்தால் கழற்றச் சொல்லி, சாதாரண லாடத்திலோ வெறுங்காலிலோ நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் நடை இருந்தால்தான் அது குதிரையின் சொந்த நடை.

நடையைச் சோதிக்கும் முறை

1. நீங்கள் வரும்வரை குதிரையைத் தொழுவத்திலேயே விடச் சொல்லுங்கள். போனதும் சேணம் வைக்கும் இடத்தில் கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டிக் களைப்படையச் செய்திருக்கிறார்கள். முரட்டுக் குதிரையும் விறைப்புக் காலும் அப்படித்தான் மறைக்கப்படும்.

2. கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சமமான கெட்டித் தரையில் 30 மீட்டர் தூரம் நடத்திப் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். முன்னங்கால் வலித்தால் அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். பின்னங்கால் வலித்தால் ஒரு பக்க இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும்.

3. நடைக் குதிரைகளில் தலையை ஆட்டுவது இயல்பாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஆடினால் அது நடை. ஒரு காலுக்கு மட்டும் ஆடினால் அது நொண்டல். வாங்க வருபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ‘இதுதாங்க ரேவால் ஆட்டம்’ என்று சொன்னால் ஒத்துக்கொண்டு போகாதீர்கள்.

4. கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். ‘த-க-தி-மி’ என்று நான்கு அடியும் ஒரே இடைவெளியில் விழுந்தால் சுத்தமான நடை. ‘தக்... தக்...’ என்று இரண்டிரண்டாகச் சேர்ந்து விழுந்தால் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. அது வேகமாக இருக்கும், ஆனால் மேலே இருப்பவரைப் பக்கவாட்டில் ஆட்டும். மேடுபள்ளத்தில் தடுக்கவும் செய்யும்.

5. இடப்பக்கமும் வலப்பக்கமும் சிறு வட்டத்தில் நடத்துங்கள். நேரே மறைந்த வலி திருப்பத்தில் தெரியும்.

6. முதலில் விற்பவர் ஏறி ஓட்டட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏறாதீர்கள். பிறகு தலைக்கவசத்தோடு நீங்கள் ஏறி, கடிவாளத்தைத் தளர்த்துங்கள். வாயை இழுத்துப் பிடித்தால் மட்டும் வரும் நடை, கண்காட்சித் திடலில் பத்து நிமிடம் நிற்கும். தோட்டத்துப் பாதையில் நிற்காது.

7. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடத்திப் பாருங்கள். இறக்கத்தில் தடுக்கினால் நம் மலையடிவாரத்துக்கு ஆகாது.

8. ஜீப் ஹாரன், நாய், விரித்த குடை, காற்றில் அடிக்கும் நிழல்வலை, வாய்க்கால் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். திருவிழாவுக்கு என்றால் கொட்டுச் சத்தத்தையும் கேட்க விடுங்கள்.

9. மறுநாள் காலையில் சொல்லாமல் போய் மறுபடியும் பாருங்கள். வலி மாத்திரையும் ஊசியும் கொடுத்து நொண்டலை மறைக்க முடியும். முதல் நாள் நன்றாக ஓடி, மறுநாள் விறைத்து நின்றால் காரணம் அதுவாக இருக்கலாம். விலை பெரிது என்றால் இரத்த மாதிரி எடுத்து வைக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை தமிழ்நாட்டில் குதிரைக்குப் பெயர்போனது. பல இனங்களை ஒரே இடத்தில் பார்த்து, விலை நிலவரம் தெரிந்துகொள்ள அருமையான இடம். ஆனால் சந்தைக் கூட்டத்தில் இந்த ஒன்பது சோதனையையும் செய்ய முடியாது. அங்கே பார்த்து, பேசி, விற்பவரின் ஊருக்குப் போய்ச் சோதித்து வாங்குவது நல்லது.

சுழியும் நிறமும்

நம்மூரில் சுழி பார்க்காமல் குதிரை வாங்குவோர் குறைவு. சுழி என்பது மயிர் வளரும் திசை. காலின் உறுதிக்கும் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் சந்தையில் விலை சுழியால் மாறுகிறது என்பதும் உண்மை. பிற்பாடு விற்கும் எண்ணம் இருந்தால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சுழி நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கெட்ட காலை ஏற்காதீர்கள். நல்ல காலுள்ள குதிரை சுழியால் விலை குறைந்து கிடைத்தால், சவாரிக்கு அது லாபம்.

நான்கு காலும் நெற்றியும் வெள்ளையாக உள்ள பஞ்ச கல்யாணிக்கும், நுக்ரா எனப்படும் வெள்ளைக் குதிரைக்கும் கிராக்கி அதிகம். மயிருக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் மூக்கும் கண்ணோரமும் வெயிலில் புண்ணாகும். நிழல் உள்ள தொழுவம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நோய்ச் சோதனை இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்

கிளாண்டர்ஸ் என்பது குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும் பாக்டீரியா நோய். மூக்கில் சளி, தோலில் கட்டியும் புண்ணும், காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். சில குதிரைகளில் வெளியே தெரியாமலும் இருக்கும். மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கும். இதற்குத் தடுப்பூசி இல்லை. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரைகள் ஆராய்ச்சி மையம் இதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்கிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் வழியாக மாதிரி அனுப்பலாம். சோதனை முடிவு வந்த பிறகே பாக்கிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கூடவே குதிரைத் தொற்று இரத்தசோகைக்கும் சர்ரா நோய்க்கும் சோதிக்கச் சொல்லுங்கள். சர்ரா கடிக்கும் ஈக்களால் பரவும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைப்பு, வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கம் ஆகியவை வரும். ஓய்வில் உள்ள குதிரையின் உடல் வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 என்று இருக்க வேண்டும்.

டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். ஒரு சிறு ஆணிக் குத்தே குதிரையைக் கொன்றுவிடும். வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள். புதுக் குதிரையை மற்ற குதிரைகளிடமிருந்து மூன்று வாரம் தனியே கட்டுங்கள். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையென்றால், வீரபாண்டியில் உள்ள தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.

வாங்கிய பிறகு நடையைக் கெடுப்பது நம் தீவனம்

நல்ல நடையோடு வந்த குதிரை சில மாதங்களில் விறைத்து, கால் மாற்றிக் கால் நொண்டினால், விற்றவரைத் திட்டும் முன் தீவனத்தைப் பாருங்கள்.

நம் பகுதியில் பால் மாட்டுக்காக கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கினியாப்புல் வைத்திருக்கிறோம். மாட்டுக்கு அருமையான தீவனம். ஆனால் இவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் அது இரத்தத்தில் சேராது. உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். முதலில் விறைப்பு, பிறகு இடம் மாறும் நொண்டல், கடைசியில் முக எலும்பு இருபுறமும் வீங்கும். இதோடு தவிடும் அதிகம் போட்டால், தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் நிலைமையை மேலும் கெடுக்கும்.

இதற்குத் தீர்வு நம் மொழியிலேயே பெயராக இருக்கிறது: குதிரைமசால். சுண்ணாம்புச்சத்து நிறைந்த பயறுவகைத் தீவனம். வேலிமசாலும் உதவும். அருகம்புல்லில் ஆக்சலேட் குறைவு. நேப்பியரை மட்டுமே நம்பாமல் இவற்றை முதன்மையாக்கி, தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள்.

350 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 கிலோ உலர்பொருள் வேண்டும். முழுதும் பசுந்தீவனமாகக் கொடுத்தால் ஏறக்குறைய 35 கிலோ. ஆண்டுக்கு இரண்டரை டன் உலர்பொருள். இதற்கு நிலமும் தண்ணீரும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். குடிநீர் 25 முதல் 50 லிட்டர். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். தானியத் தீவனத்தை ஒரே வேளையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள், பிரித்துக் கொடுங்கள். தீவனத்தை மாற்றினால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்று எச்சரிக்கைகள்:

- கோழித் தீவனத்தையும் மாட்டுக் கலப்புத் தீவனத்தையும் குதிரைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.
- சோளத்தின் மறுதாம்புத் தளிரில் மேயவிடாதீர்கள்.
- மருந்தடித்த திராட்சைத் தோட்டத்துப் புல்லையும் ஏலத்தோட்டத்து ஓரப் புல்லையும் அறுத்துப் போடாதீர்கள்.

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். லாடம் அடிப்பவர் உங்கள் ஊருக்கு வருவாரா என்பதை வாங்கும் முன் விசாரியுங்கள். மழைக்காலத்தில் தொழுவம் காய்ந்திருக்க வேண்டும்.

எங்கே ஓட்டலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் பகுதி 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் குதிரையோடு போவது குற்றம். குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் நடந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. கோடையில் அனுமதி இருந்தாலும் மலைப்பாதையைத் தவிருங்கள். வாய்க்கால் கரை, தோட்டத்து வண்டிப்பாதை, மலையடிவார மண்பாதை ஆகியவை போதும். எஸ்டேட் பாதைக்கு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தார்ச்சாலையில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் மூட்டு கெடும்.

பணம் கொடுக்கும்போது

தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவது விலைக்கு மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் எழுத்தில் வேண்டும். விற்பவர், வாங்குபவர் பெயர், குதிரையின் நிறம், சுழி, அடையாளம், உயரம், வயது, விலை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இனப்பதிவு உள்ள குதிரை என்றால் அதன் கடவுச்சீட்டையும், உடலில் உள்ள மைக்ரோசிப் எண்ணையும் கருவி வைத்து ஒப்பிடுங்கள். சான்று இல்லாமல் ‘அசல் மார்வாரி’ என்பதற்குக் கூடுதல் விலை இல்லை. இரண்டு வாரத்துக்குள் பழைய நொண்டல் வெளிப்பட்டால் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் விலையை மறுபடி யோசியுங்கள்.

வண்டியில் ஏற்றும் முன் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வாங்கி, குதிரை தெரிந்த ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரையும் சேரும். வந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குதிரைப் பண்ணையாகவே தொடங்க நினைப்போருக்கு, 2024 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை இந்த இயக்கத்தில் 50 விழுக்காடு மூலதன மானியத்துக்கு ஒப்புதல் அளித்தது. உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். வீட்டுக்கு ஒரு குதிரை வாங்க இது பொருந்தாது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி ஒற்றைக் குதிரையை விற்பவரை நம்ப வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண லாடத்தில் நடை வருகிறதா? இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா? மறுநாள் காலையிலும் அதே நடையா? இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கிறதா? ஆண்டு முழுவதும் போட நம்மிடம் ஏற்ற தீவனம் இருக்கிறதா? ஐந்துக்கும் ‘ஆம்’ என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தாலும், முன்பணம் கொடுக்காமல் ஊர் திரும்புங்கள். அடுத்த ஆடிக்கும் அந்தியூரில் குதிரை வரும்.